மண்ணுக்குக் கணக்கு எழுதிய லீபிக்

(சிவில் இறுதியாண்டு மாணவர் ஒருவர்)

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அங்கே நாம் பயந்து பயந்து தொட்ட சாமான் ஒன்று உண்டு. நீளமான கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி இன்னொரு குழாய். கீழ்வாயில் தண்ணீர் உள்ளே போகும், மேல்வாயில் வெளியே வரும். உடைத்தால் பிரேக்கேஜ் கட்டணும். லீபிக் கண்டென்சர்! ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பெயரும் எழுதிவிட்டோம். யார் இந்த லீபிக் என்று வைவாவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்போம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்டென்சரை லீபிக் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்பே, 1771-ல், வைகல் என்ற ஜெர்மானியர் அப்படி ஒன்றை விவரித்துவிட்டார். லீபிக் அதைத் தன் லேபில் வைத்துப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, அவர் செய்யாத ஒன்றுக்காக அவரைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அவர் உண்மையில் செய்ததும், தப்பாகச் செய்ததும், கடைசிவரை கத்திக் கத்திச் சொன்னதும் நமக்குத் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன வருஷம் எங்கள் வகுப்பை ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விசிட் அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போன கூட்டம் கேட்டுக்குள் நுழைந்ததும் கர்ச்சீப்பைத் தேடியது. கம்பி வலை, மணல் தொட்டி, காற்று ஊதும் தொட்டி, டைஜஸ்டர் என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கசடு காய வைக்கும் பாத்திகளுக்கு வந்தோம். புத்தகத்தில் ஸ்லட்ஜ் என்று படிக்கிறோமே, அதுதான். கோடையில் வற்றிய குளத்துத் தரை மாதிரி கறுப்பாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே ஒரே பச்சை. கிட்டே போய்ப் பார்த்தால் தக்காளிச் செடி! யாரும் நடவில்லை. ஊர் சாப்பிட்ட தக்காளியின் விதை, வயிற்றைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, அத்தனை தொட்டிகளையும் தாண்டி, இங்கே வந்து முளைத்துக் காய்த்து நிற்கிறது.

இந்தக் கசட்டை உரமாகக் கொடுக்கலாமா அண்ணே என்று அங்கே வேலை பார்த்தவரிடம் கேட்டோம். நல்ல உரம்தான் தம்பி, ஆனா கொடுக்கறதா வேண்டாமான்னு எங்களுக்கே குழப்பம்தான் என்று சிரித்தார். அந்தக் குழப்பத்தோடு லைப்ரரிக்குப் போன என் முன்னால்தான் கண்டென்சர்காரர் மறுபடி வந்து நின்றார். ஊர் தின்பது மண்ணுக்குத் திரும்பிப் போகிறதா என்ற கேள்வியை விஞ்ஞானக் கேள்வியாக ஐரோப்பா முழுக்கக் கேட்க வைத்தவர் இந்த லீபிக்தான்!

பெயின்ட் கடைக்காரர் மகன்

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊர். அங்கே 1803-ம் ஆண்டு மே 12-ம் தேதி பிறந்தார் யுஸ்டுஸ் லீபிக். அப்பா சாயம், வார்னிஷ், பெயின்ட் சாமான் விற்பவர். கடைக்குப் பின்னாலேயே சின்னப் பட்டறை. விற்கும் சாமானில் சிலதை அவரே காய்ச்சி, கலக்கித் தயாரிப்பார். பையனுக்கு விளையாட்டு மைதானமே அந்தப் பட்டறைதான்.

ஊர்ச் சந்தையில் ஒரு வியாபாரி பட்டாசு செய்து விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளியை அமிலத்தில் கரைத்து அவர் செய்யும் வித்தையை நின்று பார்த்த பையன், வீட்டுக்கு வந்து தானும் செய்து பார்த்தான். அந்தப் பொருள்தான் சில்வர் ஃபல்மினேட். பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் ஆராய்ச்சியும் அதில்தான்!

பள்ளிக்கூடத்தில் மட்டும் பையன் சுத்த மோசம். மனப்பாடம் வராது. பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, கெமிஸ்ட் ஆவேன் என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தாராம். அந்தக் காலத்தில் கெமிஸ்ட்ரி படித்துப் பிழைப்பது என்ற ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை.

பதினாலு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் கற்க விட்டார்கள். அதுவும் சில மாதங்களில் முடிந்தது. மாடி அறையில் வெடிமருந்து வெடித்துக் கூரை போனதால் விரட்டினார்கள் என்பது ஒரு கதை. அப்பாவால் பயிற்சிப் பணம் கட்ட முடியவில்லை என்பது இன்னொரு கதை. பணக் கதைதான் நிஜம்போல் தெரிகிறது. நமக்கும் புரிகிற கதை அதுதானே!

அவர் சின்ன வயதில் இன்னொன்றும் நடந்தது. 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசி வானத்தை மறைத்து, 1816-ல் ஐரோப்பாவில் கோடைகாலமே வராமல் போனது. பயிர் விளையவில்லை. ரொட்டி விலை ஏறியது, ஜனங்கள் பசியில் வாடினார்கள். லீபிக்குக்கு அப்போது 13 வயது. விளைச்சல் பொய்த்தால் ஊர் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்தல்ல, கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

இருபத்தொரு வயதில் புரொபசர்

அப்பாவுக்குத் தெரிந்தவர் காஸ்ட்னர் என்ற பேராசிரியர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பான் பல்கலைக்கழகம், அங்கிருந்து எர்லாங்கன். பிறகு தன் நாட்டு அரசர் கொடுத்த உதவிப் பணத்தில் 1822-ல் பாரீஸ் போனார். அன்றைய கெமிஸ்ட்ரிக்கு பாரீஸ்தான் தலைநகரம். கே-லுசாக் என்று வாயு விதியில் படிக்கிறோமே, அவருடைய சொந்த லேபிலேயே வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. அதற்கு வழி செய்தவர் பெரிய ஊர்சுற்றி விஞ்ஞானி ஹம்போல்ட். அவர் சிபாரிசில் 1824-ல் கீஸன் என்ற சிற்றூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. வயது 21! அந்த வயதில் நாம் அரியர் பேப்பருக்கு பீஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கீஸனில் லேப் என்று கொடுத்தது ஒரு பழைய ராணுவக் காவல் கொட்டடி. அதில்தான் அவர் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். அதுவரை பல இடங்களில் பேராசிரியர் மேடையில் செய்து காட்டுவார், மாணவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். லீபிக்கின் லேபில் மாணவர்கள் கையாலேயே செய்தார்கள். முதலில் தெரியாத உப்பைக் கண்டுபிடி, பிறகு எவ்வளவு என்று அள, பிறகு உனக்கென்று ஒரு ஆராய்ச்சி என்று படிப்படியாகப் பயிற்சி. நாம் சால்ட் அனாலிசிஸ் செய்து மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அந்த வழக்கத்தின் பெரிய மூலம் கீஸன் லேப்தான். இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல தேசங்களிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்தார்கள். இன்று அந்தப் பல்கலைக்கழகமே லீபிக் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1831-ல் ஐந்து குமிழ்கள் வைத்த சின்னக் கண்ணாடிக் கருவி ஒன்றைச் செய்தார். எரிகிற பொருளிலிருந்து வரும் கரியமில வாயுவைப் பொட்டாஷ் கரைசலில் பிடித்து, எடை போட்டு, அதில் எவ்வளவு கார்பன் என்று சொல்லிவிடலாம். வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்! லீபிக்கின் மூளை வேலை செய்தது இப்படித்தான். அதே தராசைத்தான் பிறகு வயலுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆள் சுபாவம் எப்படி? கோபக்காரர். பேனா எடுத்தால் எதிராளியைக் கிழித்து எடுப்பார். சண்டை போடாத சக விஞ்ஞானி குறைவு. ஆனால் யூரியாவைச் செயற்கையாகச் செய்து காட்டிய வோலர் மட்டும் கடைசிவரை உயிர் நண்பர். அந்த நட்பும் ஒரு சண்டையில் தொடங்கியதுதான். யார் அளவு சரி என்று மோதி, இருவர் அளவும் சரி என்று தெரிந்து கை குலுக்கினார்கள். ஒரே சேர்மானத்தில் இரண்டு வேறு பொருள் இருக்கலாம், அதாவது ஐசோமர் என்ற விஷயம் தெளிந்தது அந்தச் சண்டையால்தான்!

வயலுக்கு வந்த தராசு

1840-ல் லீபிக் எழுதிய விவசாய ரசாயனப் புத்தகம் வெளிவந்தது. பயிர் மண்ணிலிருக்கும் மக்கைத் தின்றுதான் வளர்கிறது என்று அன்று பலரும் நம்பினார்கள். லீபிக் கணக்குப் போட்டார். காடு வருஷா வருஷம் மரமாக வளர்கிறது, மக்கோ குறையவில்லை, கூடுகிறது. அப்படியானால் மரத்தின் கரி எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து! மண்ணிலிருந்து பயிர் எடுப்பது, எரித்தால் சாம்பலில் மிஞ்சும் தாதுக்களை. நம் விவசாயிகள் மணிச்சத்து, சாம்பல் சத்து என்று சொல்கிறார்களே, அவைதான்.

இதோடு ஒரு விதியையும் பரப்பினார். எல்லாச் சத்தும் ஏராளமாக இருந்தாலும், எந்த ஒன்று குறைவோ அதுதான் விளைச்சலை முடிவு செய்யும். ஒரு வாளியில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு மேல் நிற்குமா? நிற்காது. உண்மையைச் சொன்னால் இந்த விதியை ஸ்ப்ரெங்கல் என்ற இன்னொரு ஜெர்மானியர் லீபிக்குக்கு முன்பே சொல்லிவிட்டார். கண்டென்சர் கதைதான் இங்கேயும்! ஆனால் உலகம் காது கொடுத்தது லீபிக் உரக்கச் சொன்ன பிறகுதான்.

விதி தெரிந்ததும் அடுத்த கேள்வி தானே வந்துவிடுகிறது. அறுவடை வண்டியேறி ஊருக்குப் போகும்போது மண்ணின் சத்தும் சேர்ந்து வண்டியேறுகிறது. அது திரும்பி வருகிறதா? வராவிட்டால், விவசாயி செய்வது விவசாயமா, மண்ணிடமிருந்து திருட்டா? லீபிக் இதைத் திருட்டு என்றே எழுதினார். நாசூக்கெல்லாம் அவருக்குத் தெரியாது.

சறுக்கிய உரம்

சொன்னதோடு நிற்காமல் 1845-ல் தானே ஒரு ரசாயன உரம் போட்டு, இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே வருஷம் அரசரிடமிருந்து பிரபு பட்டமும் கிடைத்தது. பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. உரம்? படுதோல்வி!

காரணம் கேளுங்கள். உரம் மழையில் கரைந்து ஓடிவிடுமே என்று பயந்து, அதைச் சுண்ணாம்போடு சேர்த்து உருக்கிக் கரையாத மாதிரி செய்தார். கரையாத உரத்தை வேர் எப்படிக் குடிக்கும்? விவசாயிகள் போட்டார்கள், பயிர் அசையவில்லை. போதாததற்கு, தழைச்சத்து காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் போதுமான அளவு வந்துவிடும், தனியாகப் போட வேண்டாம் என்றும் அடித்துச் சொன்னார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் வருஷக்கணக்கில் வயலில் பரிசோதனை செய்து அது தப்பு என்று நிரூபித்தார்கள். இதில் கில்பர்ட் யார் தெரியுமா? கீஸனில் லீபிக்கிடமே படித்தவர். குருவை மிஞ்சிய சிஷ்யன்!

லீபிக் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் சண்டை போட்டார். 1850-ல் இங்கிலாந்தின் தாமஸ் வே என்பவர், பொட்டாஷ், அம்மோனியா போன்ற சத்துக்களை மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவு சுலபமாக ஓட விடாது என்று காட்டினார். அப்படியானால் உருக்கிக் கெட்டியாக்கியதே வீண் வேலை! கடைசியில் லீபிக் அதை அச்சிலேயே எழுதி ஒப்புக்கொண்டார். படைத்தவன் ஏற்கெனவே மண்ணில் வைத்திருந்த ஏற்பாட்டை நான் திருத்தப் போனேன், தண்டனை கிடைத்தது என்ற தோரணையில் எழுதினார். தழைச்சத்து விஷயத்தில் மட்டும் அவ்வளவு தெளிவாக இறங்கி வரவில்லை. என்றாலும் ஐரோப்பாவே கொண்டாடிய மனுஷன் தன் தப்பைத் தானே அச்சடித்துக் கொடுத்தது சின்ன விஷயமில்லை. ரீடிங் தப்பாக வந்தால் பக்கத்து நோட்டைப் பார்த்து மாற்றி எழுதுகிற நாம் யோசிக்க வேண்டிய இடம் இது.

லண்டனின் நாற்றம்

1852-ல் கீஸனை விட்டு மியூனிக் போனார். பாடச் சுமை குறைந்தது, ஊர்களைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. அந்த வருஷங்களில்தான் லண்டனில் பெரிய கூத்து நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன் லண்டன் வீடுகளில் மலக்குழிகள் இருந்தன. இரவில் ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரமாக விற்பார்கள். தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் பரவியதும் எல்லாம் சாக்கடை வழியாக தேம்ஸ் நதிக்குப் போனது. குடிதண்ணீரும் அதே நதியிலிருந்து! காலரா அலை அலையாக வந்து ஆயிரக்கணக்கில் உயிர்களை வாங்கியது. 1858 கோடையில் நதி நாறிய நாற்றத்தில் பாராளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பிறகு இஞ்சினியர் பாசல்ஜெட் சுமார் 132 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய சாக்கடைகள் கட்டி, கழிவையெல்லாம் ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய் நதியில் விட ஏற்பாடு செய்தார். சிவில்காரர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அந்த வேலை லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் லீபிக் தராசோடு வந்து நின்றார். ஊர் சுத்தமாகிறது, சரி. மண்ணின் கணக்கு? இங்கிலாந்து உலகமெல்லாம் தானியம் வாங்கித் தின்கிறது. பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக அள்ளி வருகிறது. ஐரோப்பாவின் போர்க்களங்களில் புதைந்த எலும்பைக்கூட விடவில்லை என்று அவர் குற்றம் சாட்டினார். அத்தனையும் வயல் வழியாக ஊருக்குள் போய், ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது. பழைய ரோமாபுரியைக் கெடுத்ததே அதன் பெரிய சாக்கடைதான் என்றும் ஒரு போடு போட்டார். சரித்திரக்காரர்கள் முழுக்க ஏற்கமாட்டார்கள். ஆனால் அடி பலமாக விழுந்தது.

1862-ல் வந்த தன் புத்தகத்தின் ஏழாம் பதிப்பில் இதையெல்லாம் விரித்து எழுதினார். சீனா, ஜப்பான் விவசாயிகள் ஊர்க் கழிவை ஒரு துளி வீணாக்காமல் வயலுக்குத் திருப்புவதைப் பார்த்து ஐரோப்பா கற்க வேண்டும் என்றார். ஜெர்மனியிலேயே ராஷ்டாட் என்ற ராணுவ ஊரை உதாரணம் காட்டினார். அங்கே சிப்பாய்களின் கக்கூஸுக்குக் கீழே வண்டியில் பொருத்திய பீப்பாய்கள் இருக்கும். நிறைந்ததும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விவசாயிகளுக்கு விற்றார்கள். சுற்றியிருந்த மணல் காடு விளைநிலமானது. மாட்டுப் பட்டி போட்டும், ஆட்டுக் கிடை மறித்தும் வயலை வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் உடனே புரியும்.

1865-ல் லண்டன் மேயருக்கே கடிதங்கள் எழுதினார். அவை அச்சிலும் வந்தன. வட லண்டன் கழிவுநீரை எசெக்ஸ் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோய்ப் பாய்ச்சும் திட்டம் ஒன்று அப்போது கிளம்பியிருந்தது. வெறும் மணலால் சத்தைப் பிடித்து வைக்க முடியாது, இது வீண் என்று எதிர்த்தார். மண் சத்தைப் பிடிக்கும் என்ற விஷயத்தைத் தன் உரத்தில் தோற்றுக் கற்றவர் அல்லவா! அந்தத் திட்டம் பணமில்லாமல் பாதியில் நின்றது. ஆனால் லீபிக் விரும்பியபடியும் நடக்கவில்லை. சாக்கடைத் தண்ணீரில் சத்து அவ்வளவு நீர்த்துப் போயிருந்தது. அதைப் பிரித்தெடுத்துக் காசாக்கும் வழி அன்று யாருக்கும் தெரியாது. கழிவு கடலுக்கே போனது.

1873-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி மியூனிக்கில் லீபிக் இறந்தார். கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு, மாட்டிறைச்சிச் சாறு, குழந்தை உணவு என்று அவர் கை வைத்த பல காரியங்கள் பிழைத்துக்கொண்டன. அதிகமாகக் கவலைப்பட்ட காரியம் மட்டும் முடியாமல் நின்றது.

அவருக்குப் பின் நடந்தது

லண்டனில் கழிவைத் தொட்டியில் தேக்கிக் கசட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கசட்டை 1887-லிருந்து கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதல் கப்பலின் பெயரே பாசல்ஜெட்! இது 1998 வரை நடந்தது. நூறு வருஷத்துக்கும் மேல் ஒரு மகாநகரத்தின் கசடு கடலுக்குப் போயிருக்கிறது. லீபிக் இருந்திருந்தால் எத்தனை கடிதம் எழுதியிருப்பாரோ!

1914-ல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும், கழிவுநீரில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்துச் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாம் விசிட்டில் பார்த்த காற்றுத் தொட்டி அதுதான். இதில் நிறையக் கசடு வரும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் அதைக் காய வைத்து, குருணையாக்கி, மூட்டை கட்டி 1926 முதல் மில்ஆர்கனைட் என்ற பெயரில் புல்தரைக்கு உரமாக விற்கத் தொடங்கியது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சாக்கடைக்குள் வீட்டுக் கழிவு மட்டுமா போகிறது? முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை, தோல் ஷெட், எல்லாம் போகிறது. காட்மியம், ஈயம், குரோமியம் எல்லாம் கசட்டில் வந்து தங்கும். பெர்லின் நகரம் 1870-களிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழிவுநீரை வயல்களில் பாய்ச்சியது. விளைந்தது உண்மை. அந்த மண்ணில் கன உலோகம் சேர்ந்து போனதும் உண்மை. குடல்புழு முட்டை, நோய்க்கிருமி விஷயம் தனி.

அதனால் சட்டங்கள் வந்தன. ஐரோப்பா 1986-ல் வரம்பு வகுத்தது. உதாரணமாக, வயலுக்குப் போகும் கசட்டில் ஒரு கிலோ உலர் எடைக்குக் காட்மியம் 20 முதல் 40 மில்லிகிராம் வரைதான் உச்ச வரம்பு. அமெரிக்கா 1993-ல் விதிகள் போட்டது. கசட்டை எருக்குவியலாக மக்க வைத்தால், 55 டிகிரி சூட்டில் 15 நாளாவது இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்டிப் போட வேண்டும். அப்போதுதான் கிருமி போனதாக முதல் தரத்தில் சேர்ப்பார்கள். ஸ்விட்சர்லாந்து 2006-ல் வயலில் கசடு போடுவதையே நிறுத்தியது. நான்-ஸ்டிக் பூச்சு போன்றவற்றிலிருந்து வரும், எளிதில் அழியாத ரசாயனங்கள் வயல்களில் சேர்ந்ததைப் பார்த்து, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் தடை போட்டது.

லீபிக்கின் சொந்த நாடு என்ன செய்தது? ஜெர்மனி 2017-ல் ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் கசடு நேராக வயலுக்குப் போவதை நிறுத்த வேண்டும். ஆனால் கசட்டில் மணிச்சத்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், அதைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மேல் கணக்குள்ள நிலையங்களுக்கு 2029 முதல், ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் 2032 முதல். அழுக்கை விடு, சத்தை விடாதே! 1865-ல் கடிதம் எழுதியவருக்கு இத்தனை வருஷம் கழித்து வந்த பதில் மாதிரி எனக்குப் படுகிறது.

இதற்கு அவசரம் என்ன என்று கேட்கலாம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ஹேபர்-பாஷ் முறை 1913-லேயே தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. மணிச்சத்துக்கு அப்படி ஒரு வித்தை கிடையாது. பாறையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். உலகிலுள்ள அந்தப் பாறையில் பெரும்பங்கு மொராக்கோ கையில் இருக்கிறது. ஆனால் ஒரு ஆள் ஒரு வருஷத்தில் வெளியேற்றும் கழிவில் சுமார் அரை கிலோ மணிச்சத்தும், நாலைந்து கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊருக்குப் பெருக்கிப் பாருங்கள். வருஷத்துக்கு 50 டன் மணிச்சத்து! இதில் கசட்டில் தங்குவது முக்கியமாக மணிச்சத்துதான். சாம்பல் சத்து ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு போய்விடும். அதனால் கசடு மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வாளியின் குட்டைப் பலகையை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் விட்டுப்போன வரி

லீபிக்கைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு இடம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ராஷ்டாட் பீப்பாய் வண்டியில் எவ்வளவு சத்து, எவ்வளவு காசு, எவ்வளவு விளைச்சல் என்று எழுதினார். அந்தப் பீப்பாயை மாற்றிய கை யாருடையது? அந்த வரி அவர் கணக்கில் இல்லை.

நம் நாட்டில் அந்த வரியை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. இங்கே மலம் அள்ளும் வேலையைப் பிறப்பைப் பார்த்துச் சிலர் தலையில் ஏற்றி வைத்தார்கள். அதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்கிலும் இறங்கியவர்கள் விஷ வாயுவில் செத்த செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. சத்தை மண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்பது நியாயம். அதற்காக ஒரு மனுஷன் குழிக்குள் இறங்க வேண்டும் என்றால், அந்த உரமே வேண்டாம்!

அதனால்தான் சொல்கிறேன், இது நம்ம வேலை. மெக்கானிக்கல்காரன் பம்பும் மூடிய டேங்கரும் செய்ய வேண்டும். கெமிக்கல்காரன் பட்டறைக் கழிவைப் பட்டறை வாசலிலேயே நிறுத்த வழி பார்க்க வேண்டும். எலக்ட்ரிக்கல்காரன் டைஜஸ்டரிலிருந்து வரும் கேஸில் ஜெனரேட்டரை ஓட்டலாம். இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன் குவியலின் சூட்டையும் குழியின் வாயுவையும் ஆள் போகாமல் அளக்கலாம். சிவில்காரன் இதெல்லாம் நிற்கிற மாதிரி கட்ட வேண்டும். மனுஷக் கை படாமல், விஷம் சேராமல், சத்து மட்டும் வயலுக்குத் திரும்ப வேண்டும். லீபிக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். விடை எழுத வேண்டிய பேப்பர் நம் டேபிளில் கிடக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்து அண்ணனுக்கு நான் இப்போது பதில் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். அண்ணே, கசட்டைச் சும்மா கேட்டதும் தூக்கிக் கொடுக்காதீங்க. சும்மா கொண்டுபோய்க் குழியில் கொட்டவும் வேண்டாம். முதலில் அளந்து பாருங்க. காட்மியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, புழு முட்டை இருக்கா, சத்து எவ்வளவு, வாங்கிப் போகிறவர் வயலில் எது குறைவு? அளந்த பிறகு முடிவு தானாக வரும்.

அடுத்த தடவை லேபில் அந்தக் கண்டென்சரைத் தொடும்போது, ஸ்டாண்டில் மாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. அப்படியே கொஞ்சம் ஜாக்கிரதையாகவும் பிடியுங்கள். பிரேக்கேஜ் காசு நம்ம தலையில்தான் விழும்!